தொண்டையைத் தேடிய நாற்பது நிமிடம்

பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இவரை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வயிற்றில் ஜெல் தடவி, கருவியை வைத்து, டாக்டரம்மா முதல் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊர், தங்கச்சிமடமா, பாலத்தில் இன்றைக்குக் காற்று எப்படி என்றெல்லாம். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்துவதைப்போல வயிற்றைக் கலக்குவது வேறு எதுவும் கிடையாது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2023 ஏப்ரல் 25. தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் இவர் வீட்டில் இருந்தார், இல்லையென்றால் அன்றைக்கு நான் ஒற்றையாகத்தான் பஸ் ஏறியிருப்பேன். ரயிலும் கிடையாது. பழைய பாம்பன் ரயில் பாலம் பழுதாகி, புதுப்பாலம் கட்டி முடியாமல், ரயில் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த காலம் அது. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்களுக்கு எதுவென்றாலும் ரோடு பாலம்தான், அதைத் தாண்டி உச்சிப்புளி, அப்புறம் ராமநாதபுரம்.

எனக்கு 29 வாரம் முடிந்திருந்தது. தெருவில் எதிர்ப்படுகிற பொம்பளைகள் எல்லாம், "என்னத்தா, ரெட்டைப் பிள்ளையா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே போவேன். ஊர் நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து வயிற்றை அளந்தார். கர்ப்பப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்கை ஒட்டித்தான் இருக்கும், 29 வாரத்துக்கு 29, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். எனக்கு 34 இருந்தது. "ராம்நாட் போயி ஸ்கேன் பாத்துட்டு வந்துரு, நாளைக்கே" என்றார். ஒரு தையல் டேப்பில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்.

ஸ்கேனில் முதலில் தெரிந்தது தண்ணீர். பனிக்குடத்தை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான இடத்தை அளந்து கூட்டுவார்கள். 24, 25 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நீர் அதிகம் என்று கணக்கு. எனக்கு 29. சுகர் டெஸ்ட் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தாயிற்று, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதில் 140ஐத் தொடக்கூட இல்லை. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளை நிறைய சிறுநீர் கழிக்கும், நீர் கூடும், அதனால்தான் முதலில் அதைக் கேட்கிறார்கள். அது இல்லை என்றானதும், கருவி பிள்ளையின் வயிற்றுக்குப் போனது, அங்கிருந்து நெஞ்சுக்கு, அங்கிருந்து கழுத்துக்கு, கழுத்திலேயே நின்றுவிட்டது.

என் மாமியார் கடைசிவரை நம்பியது நான் தண்ணீர் நிறையக் குடித்ததால் உள்ளே தண்ணீர் கூடிவிட்டது என்றுதான். அன்று மாலையிலிருந்து சொம்பை ஒளித்து வைத்தார், பாவம். அப்படி இல்லை. பாதி மாசத்துக்கு அப்புறம் பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான். பிள்ளை அதை விழுங்குகிறது, குடல் உறிஞ்சுகிறது, சிறுநீராக வெளியே விடுகிறது, மறுபடி விழுங்குகிறது. சின்ன ஊருணி மாதிரி, வரத்தும் போக்கும் சரியாக இருக்கிறவரை மட்டம் மாறாது. மாசம் நிறைகிற சமயத்தில் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் விழுங்கும். வரத்து அப்படியே இருந்து போக்கு அடைபட்டால்? மட்டம் ஏறும். பிள்ளையின் உணவுக்குழாயில் அந்த அடைப்பு இருக்கிறதா என்றுதான் டாக்டரம்மா தேடினார்.

உணவுக்குழாயை நேரடியாகப் பார்த்துவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். பார்க்கலாம், ஆனால் லேசில் இல்லை. அது எலும்பு மாதிரி வெள்ளையாக நிற்காது, இதயம் மாதிரி துடிக்காது. முதுகெலும்புக்கு முன்னால், மூச்சுக்குழாய்க்குப் பின்னால், கீழே இறங்கினால் இதயத்துக்கும் பின்னால், சில மில்லிமீட்டர் அகலத்தில், பெரும்பாலான நேரம் காற்றுப் போன பலூன் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். திரையில் அடுத்தடுத்து ஓடுகிற மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், அதுவும் பிள்ளை நல்ல பக்கமாகப் படுத்திருந்தால். முதுகை மேலே காட்டிக்கொண்டு படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் விழுந்து எல்லாம் இருட்டு. என் மகள் அப்படித்தான் படுத்திருந்தாள். (மகள் என்று அப்போது தெரியாது. திரையைப் பார்த்து இது என்ன, அது என்ன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், இடுப்புக்குக் கீழே வந்தால் மட்டும் டாக்டரம்மாவுக்குக் காது கேட்காது. சுவரில் பாலினம் சொல்வதில்லை என்ற பலகை இருந்தது, 1994இல் வந்த சட்டம். அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.)

இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து நடந்துவிட்டு வரச் சொன்னார். வராந்தாவில் நடந்தேன், டீ குடித்துவிட்டு வந்த இவரும் என்னோடு நடந்தார், எதற்கு நடக்கிறோம் என்று கேட்கவே இல்லை. திரும்பிப் போனபோது இவரையும் உள்ளே விட்டார்கள்.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னார்: "பிள்ளை விழுங்குற வரைக்கும் காத்திருக்கணும்மா. நாம அவசரப்படுத்த முடியாது."

குழாய் மேலே ஒரு இடத்தில் அடைபட்டு முட்டுச்சந்தாக நின்றிருந்தால், பிள்ளை நீரை விழுங்கும்போது அந்தச் சந்து நிரம்பும். கழுத்திலோ நெஞ்சின் மேல்பக்கத்திலோ கறுப்பாக ஒரு சின்னப் பை தெரியும், ஏனென்றால் ஸ்கேனில் நீர் கறுப்பு. போக வழியில்லாததால் பிள்ளை அதை வாய் வழியாகவே திருப்பி விட்டுவிடும், பையும் மறைந்துபோகும். எல்லாம் சில வினாடிதான். கண் சிமிட்டினால் போச்சு. அதனால் கருவியைக் கழுத்தில் வைத்து, கையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

இவருக்குத் திரை புதிதில்லை. படகில் ஒலியை அனுப்பி மீன் தேடுகிற எக்கோ சவுண்டர் இருக்கிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், இது எத்தனை கிலோஹெர்ட்ஸ்?" என்று கேட்டாரே பார்க்கலாம். எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா சிரித்துவிட்டார், அந்த நாளின் ஒரே சிரிப்பு. "கிலோ இல்ல சார், மெகா. மூன்றரை மெகா" என்றார்.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், கேள்வி ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. கடல் தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. மனித உடம்பின் சதையில் 1540 என்று வைத்துத்தான் ஸ்கேன் மிஷின்கள் கணக்கிடுகின்றன. உள்ளே நாமும் கடல்தான் போலிருக்கிறது. மீன் தேடுகிற கருவிகள் வழக்கமாக 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 50 ஆயிரம் அல்லது 2 லட்சம் அதிர்வில் ஓடும். 50இல் ஒரு அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர், மீன் கூட்டத்துக்கு அது போதும். மூன்றரை மெகாஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதனால்தான் சில மில்லிமீட்டர்க் குழாயைத் தேடிப் போக முடிகிறது. இரண்டுக்கும் சொந்தமும் உண்டு. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற பிரசவ டாக்டர், உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஒலிக்கருவியை எடுத்துப் பெண்களின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர், ரேடாரும் சோனாரும் தெரிந்தவர். டாம் பிரவுன் என்ற இன்ஜினியரோடும் மக்விகார் என்ற டாக்டரோடும் சேர்ந்து 1958இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் பிரசவ ஸ்கேன் என்ற ஒன்றே வளர்ந்தது.

இவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. எக்கோவில் தெரிவது மீன் இல்லையாம், பெரும்பாலும் மீனுக்குள் இருக்கிற காற்றுப்பையாம். அது இருக்கிற இடத்தில் மீன் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் விஷயமும் அதேதான். யாரும் தொண்டையைப் பார்க்கவில்லை. கூடிப்போன நீரைப் பார்த்தார்கள், சிறுத்துப்போன இரைப்பையைப் பார்த்தார்கள், கழுத்தில் வந்து மறைகிற கறுப்புப் புள்ளிக்குக் காத்திருந்தார்கள்.

வந்தது. பயறு அளவுக்கு ஒரு கறுப்பு, கொஞ்சம் பெரிதாகி, மறைந்தது. டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரத்தக்குழாயாக இருக்குமோ என்று கலர் போட்டுப் பார்த்தார், ரத்த ஓட்டம் இல்லை. "மறுபடி வந்தா நம்பலாம்" என்றார். இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது படத்தை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வெளியே எனக்குப் பின்னால் பதினோரு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். இருபதாவது வாரத்தில் வேறொரு இடத்தில், பிள்ளையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற அனாமலி ஸ்கேன் எடுத்து, எல்லாம் இயல்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்களே, அந்த ஆள் என்ன பார்த்தார்? கோப்பை எடுத்து விசிறி அடித்தேன். இந்தக் கோபம் தணிய எனக்கு ஒரு மாசம் பிடித்தது, தணித்தது ஆறுதல் இல்லை, விவரம்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கருவில் நாலாவது வாரத்தை ஒட்டி ஒரே குழாயாக இருப்பதுதான் பிறகு முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய் என்று பிரிகிறது. அந்தப் பிரிவினையில் ஏதோ தப்பாகிவிட்டால் உணவுக்குழாய் நடுவில் அறுபட்டு நிற்கும். சில ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி. அதில் நூற்றுக்கு 85 பேருக்கு, மேல்பாதி முட்டுச்சந்தாக நிற்க, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கள்ள வழிதான் ஸ்கேனை ஏமாற்றுகிறது. நுரையீரல் பக்கத்து நீர் அந்த வழியாக இறங்கி இரைப்பையை நிரப்பிவிடும், திரையில் இரைப்பை ஜம்மென்று கறுப்பு வட்டமாகத் தெரியும், பார்ப்பவர் சரி என்று எழுதிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. கள்ள வழியே இல்லாத வகை நூற்றில் ஏழெட்டுதான், அதில்தான் இரைப்பை தெரியாமலே போகும். அதிலும்கூட இரைப்பை தானே கொஞ்சம் சுரந்து வைத்துக்கொள்ளும்.

நீர்? இருபதாவது வாரத்தில் பிள்ளை விழுங்குவதே கொஞ்சம்தான். அது நின்றாலும் மட்டத்தில் தெரியாது. விழுங்கும் அளவு கூடக் கூடத்தான் தேங்கும், ஆறு ஏழு மாசத்துக்கு மேல்தான் வெளியே காட்டும். கழுத்துப் பையும் அப்படித்தான், பெரும்பாலும் பிந்தித்தான் தெரியும். இந்தக் கோளாறுள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிறக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் உலகம் முழுக்க நிலவரம், நல்ல மிஷின் இருக்கிற ஊர்களிலும். அனாமலி ஸ்கேன் நார்மல் என்றால் அன்றைக்குப் பார்த்தவரை நார்மல் என்று மட்டுமே அர்த்தம், இதை யாராவது அந்தக் காகிதத்திலேயே அடிக்குறிப்பாகப் போட்டால் தேவலை.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிட வேண்டும். நீர் அதிகம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் இதைப் படித்துவிட்டுப் பயந்து சாகாதீர்கள். நீர் லேசாகக் கூடிய பெண்களில் பலருக்குக் காரணமே கிடைக்காது, பிள்ளை நன்றாகவே பிறக்கும். என் கொழுந்தன் மனைவிக்கு அடுத்த வருஷமே அப்படி ஆனது, குடும்பமே கதிகலங்கி ஓடியது, ஒன்றுமில்லை. இரைப்பை சின்னதாகத் தெரிவதும் அப்படித்தான், அப்போதுதான் காலியாகியிருக்கும், அரை மணி கழித்துப் பார்த்தால் நிரம்பியிருக்கும். நீர், இரைப்பை, கழுத்து மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு மேல் பார்த்து, அப்புறம்தான் பேச வேண்டும். எங்கள் டாக்டரம்மாவும் ரிப்போர்ட்டில் "சந்தேகம்" என்றுதான் எழுதினார்.

சந்தேகம் என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். இந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வேறு ஏதாவதும் சேர்ந்து இருக்குமாம், முக்கியமாக இதயத்தில், அப்புறம் முதுகெலும்பு, சிறுநீரகம், ஆசனவாய், கை எலும்பு. எல்லாம் பார்த்தார்கள். இதயத்துக்குத் தனி ஸ்கேன். குரோமோசோம் கோளாறு இருக்கலாம் என்று ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்தார்கள், முடிவு வர மூன்று வாரம், அந்த மூன்று வாரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லாம் சரியாக வந்தது.

அங்கே குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். ஒன்று மூச்சு, ஒன்று சோறு. "இது ஆபரேஷன் பண்ணிச் சரி பண்றதுதான். நீங்க செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. பிரசவம் இங்கதான் நடக்கணும். பிறந்ததும் ஒரு சொட்டுக்கூட வாயில விடக்கூடாது." இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, என் மாமியாரைப் பார்த்தார். அந்த டாக்டருக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கிறது.

சேனை. பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் யாராவது சீனித்தண்ணியோ தேனோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. எங்கள் வீட்டில் என் மாமியார்தான் சேனை வைப்பது, ஏழு பேரப்பிள்ளைக்கு வைத்த கை. இந்தக் கோளாறுள்ள பிள்ளைக்கு அது இறங்காது, சந்தில் நிரம்பி, வழிந்து, மூச்சுக்குழாய்க்குள் போகும். போனால் நுரையீரல் கெடும், ஆபரேஷன் தள்ளிப்போகும், பிழைப்பதே கஷ்டமாகலாம். தெரியாமல் ஊரிலேயே பெற்றிருந்தால் முதல் காரியமாக நடந்திருக்கக்கூடியது அதுதான். அன்பாகவே நடந்திருக்கும். ஸ்கேன் எங்களுக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதை மட்டும்தான். கருவில் யாரும் எதையும் சரிசெய்யவில்லை, 160 கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படுக்கவைத்தது, ஒரு விரலைத் தடுத்தது.

34ஆவது வாரத்தில் மதுரையில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். நீர் அதிகமாக இருந்தால் நாளுக்கு முன்னாலேயே குடம் உடையும், தொப்புள்கொடி வழுக்கி வெளியே வரக்கூடும், பாலம் தாண்டி வரும் கதையெல்லாம் ஆகாது என்றார்கள். ஜூன் 15 காலையில் குடம் உடைந்தது. தடை முடிந்து படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன நாள். இரண்டு மாசமாகக் காத்திருந்த இவர் படகில் ஏறவில்லை, ஆளை மாற்றிவிட்டு முந்தின ராத்திரியே மதுரைக்கு வந்திருந்தார். எப்படித் தோன்றியது என்று கேட்டால், தோணுச்சு என்பார்.

பிறந்ததும் அழுதாள். வாயில் நுரை நுரையாக எச்சில், அதுதான் அடையாளமாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், பத்து சென்டிமீட்டரில் முட்டி நின்றது. எக்ஸ்ரேயில் குழாய் கழுத்துக்குக் கீழே சுருண்டு கிடந்தது, வயிற்றில் காற்று இருந்தது. காற்று இருப்பதால் கீழே கள்ள வழி உண்டு என்று அர்த்தம், அதாவது நூற்றுக்கு 85 பேர் என்றேனே, அந்த வகையில் ஒருத்தி. அந்த முட்டுச்சந்திலிருந்து எச்சிலை உறிஞ்சிக்கொண்டே இருக்க ஒரு குழாயை வைத்துவிட்டு, தலையை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். மறுநாள் ஆபரேஷன். வலது அக்குளுக்குக் கீழே திறந்து, மூச்சுக்குழாயோடு ஒட்டியதை அறுத்துக் கட்டி, மேல் முனையோடு கீழ் முனையைச் சேர்த்துத் தைத்தார்கள். 1697இல் லண்டனில் தாமஸ் கிப்சன் என்ற டாக்டர் இப்படி விழுங்க முடியாத பிள்ளை ஒன்றைப் பற்றித் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஆபரேஷனில் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து ஒரு பிள்ளை முதன்முதலாகப் பிழைத்தது 1941இல், அமெரிக்காவில் மிச்சிகனில், கேமரன் ஹைட் என்ற டாக்டரின் கையில். 244 வருஷம். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து மூன்று மணி நேரத்தைத் தாங்க முடியாமல் போனில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், தையல் ஒழுகவில்லை. எட்டாம் நாள் அஞ்சு மில்லி தாய்ப்பால், வாய் வழியாக. 22ஆம் நாள் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தோம். அதோடு முடியவில்லை. இரண்டாம் மாசத்தில் தைத்த இடம் சுருங்கிப் பால் இறங்காமல் திணறினாள், இரண்டு தடவை பலூன் விட்டு விரித்தார்கள். இருமினால் இன்றைக்கும் நாய் குரைக்கிற மாதிரிதான் இருக்கும், மூச்சுக்குழாய் அந்த இடத்தில் கொஞ்சம் தொளதொளப்பு, வளர வளரச் சரியாகும் என்கிறார்கள். பஸ்ஸில் இருமினால் ஆட்கள் தள்ளி உட்காருகிறார்கள், எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

முதல் பிறந்தநாள் அன்று, கேக்கெல்லாம் வெட்டி முடிந்து ஆட்கள் போனபிறகு, மாமியார் அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது என்று சொல்லியிருந்ததை நாள் எண்ணி வைத்திருந்திருக்கிறார். "இப்ப வைக்கலாமாத்தா?" என்று என்னைக் கேட்டார், இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்ட முதல் விஷயம். நான் தலையாட்டினேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவள் விரலைச் சப்பிவிட்டு, புதுசாக முளைத்திருந்த நாலு பல்லாலும் நறுக்கென்று கடித்தாள். மாமியார் விரலை உதறிக்கொண்டே அவள் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும். நானும்.

"இறங்கிருச்சு" என்றார் இவர்.